அல்ஹம்ப்ரா: தண்ணீரைத் தொடர்ந்து போனால் புரியும் அரண்மனை

ஸ்பெயினின் தெற்கே, கிரானடா நகரத்துக்கு மேலே உள்ள ஒரு குன்றில் இருக்கிறது அல்ஹம்ப்ரா. முதல் முறை போகிறவர்கள் கூரையையும் சுவரையும் அண்ணாந்து பார்த்தபடியே உள்ளே நடப்பார்கள். அவை பார்க்க வேண்டியவைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இடம் ஏன் அங்கே இருக்கிறது, முற்றங்கள் ஏன் அப்படி அமைந்தன, தோட்டமும் வீடும் ஏன் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன என்று புரிய வேண்டுமானால் பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். தரையில் கையகல வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் அரண்மனை முழுவதும் விளங்கிவிடும். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தில் கி.பி. 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகள் இறங்கின. அரபியர், பெர்பர்கள், மதம் மாறிய உள்ளூர்க்காரர்கள் என எல்லோரும் கலந்த அந்தச் சமூகத்தைத்தான் ஐரோப்பியர்கள் மொத்தமாக ‘மூர்கள்’ என்றார்கள். கோர்டோபா நகரம் அவர்களின் பெரிய தலைநகரமாக விளங்கியது. பிறகு வடக்கிலிருந்து கிறிஸ்தவ அரசுகள் ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டு வந்தன. 1236இல் கோர்டோபா வீழ்ந்தது, 1248இல் செவில்லே. கடைசியில் மிஞ்சியது கிரானடா மட்டும். அங்கே ஆண்ட நஸ்ரித் என்ற முஸ்லிம் வம்சம், காஸ்டீல் என்ற கிறிஸ்தவ அரசுக்குக் கப்பம் கட்டியும், தந்திரமாக உறவாடியும், சமயத்தில் சண்டை போட்டும் இரண்டரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. அல்ஹம்ப்ரா அந்த வம்சத்தின் வீடு.

வீடு என்று சொன்னாலும் அது ஒரு கட்டடம் அல்ல. மதிலுக்குள் ஒரு சின்ன ஊரே இருந்தது. மேற்கு முனையில் ‘அல்கசாபா’ என்ற கோட்டை, அதன் பக்கத்தில் அரசர்களின் அரண்மனைகள், கிழக்கே கைவினைஞர்களும் அலுவலர்களும் குடியிருந்த பகுதி, பள்ளிவாசல், குளியல் மாளிகைகள். இத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். குன்றின் உச்சியில் ஆறு ஏது? டாரோ ஆறு கீழே பள்ளத்தாக்கில் ஓடுகிறது. நஸ்ரிதுகளுக்கு முன்பே இந்தக் குன்றில் ஒரு கோட்டை இருந்ததுண்டு. மழைநீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு காவல்படை அங்கே பிழைத்திருக்கலாம், அரசவை பிழைக்க முடியாது.

நஸ்ரித் வம்சத்தைத் தொடங்கிய முதலாம் முகமது 1238இல் இந்தக் குன்றுக்கு வந்தார். அவர் மதில் எழுப்பியதையும் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததையும் பழைய அரபு வரலாற்றுக் குறிப்பு ஒன்று சேர்த்தே சொல்கிறது. இன்று நாம் வியந்து பார்க்கும் கூடங்களில் பெரும்பாலானவை அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவை. முதலில் வந்தது வாய்க்கால்தான்.

ஆற்றுத் தண்ணீர் குன்றுக்கு ஏறியது எப்படி? ஏறவே இல்லை. இறங்கித்தான் வந்தது. டாரோ ஆற்றின் ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் மேலே போனால், ஆற்றுப் படுகையே அல்ஹம்ப்ரா குன்றைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தடுப்பணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டியே மிகக் குறைந்த வாட்டத்தில் ஒரு வாய்க்காலை வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறு சரசரவென்று பள்ளத்தில் இறங்கிப் போகிறது; வாய்க்கால் நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே இறங்குகிறது. அதனால் குன்றை வந்து சேரும்போது ஆறு எங்கோ கீழே கிடக்க, வாய்க்கால் உச்சியில் நிற்கிறது. இதன் பெயர் ‘அசேக்கியா ரெயால்’, அதாவது அரச வாய்க்கால். வாட்டம் கூடினால் தண்ணீர் கரையை அரித்துவிடும், குறைந்தால் மண் படிந்து தூர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரே சீராகக் கிலோமீட்டர் கணக்கில் மலையோரம் மட்டம் பிடித்துப் போனவர்களின் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்திருக்க வேண்டும்! அல்ஹம்ப்ராவின் முதல் கலைஞர்கள் என்று நான் மதிப்பது அவர்களைத்தான்.

நீரூற்றுகளுக்கும் இதே விதிதான். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் கீழ்த்தளக் குழாயில் வேகமாக விழுகிறதல்லவா, அந்த உயர வித்தியாசம் தரும் அழுத்தம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. மேலே தொட்டி, நடுவில் மண்ணாலும் ஈயத்தாலும் ஆன குழாய், கீழே ஊற்றின் வாய். மோட்டார் இல்லாத காலத்தில் தண்ணீர் துள்ளியது இப்படித்தான்.

வாய்க்கால் முதலில் தொடும் இடம் ஹெனரலிஃபே. அரண்மனைக்கு எதிரே, கொஞ்சம் உயரமான சரிவில் அமைந்த அரசரின் பண்ணையும் ஓய்வு மாளிகையும் அது. அரசவைக் கெடுபிடியிலிருந்து விலகிச் சில நாள் இருந்துவிட்டு வர, கூப்பிடு தொலைவில் ஓர் இடம். காய்கறித் தோட்டம், பழமரங்கள், மேய்ச்சல் நிலம் எல்லாம் சேர்ந்தது. அங்கே சில பாத்திகளில் இன்றும் காய்கறி விளைகிறது.

அந்த மாளிகையின் நடுவே நீண்டு கிடக்கிறது வாய்க்கால் முற்றம். இரு பக்கமும் பூச்செடிகள், நடுவில் நீளவாக்கில் ஒடுங்கிய நீர்ப்பாதை. படங்களில் மிகவும் அழகான, அலங்காரமான குளமாகத் தெரியும். ஆனால் அது அலங்காரத்துக்காக வெட்டப்பட்டது அல்ல. அரச வாய்க்காலேதான் அந்த முற்றத்தின் நடுவே ஓடுகிறது. மதிலுக்குள் இருந்த ஊர் குடித்த, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் இந்தத் தோட்டத்தின் வழியாகத்தான் போனது. வேறு ஒருவராக இருந்தால் ஊருக்குப் போகும் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் மறைத்திருப்பார். இவர்கள் அதையே வீட்டின் நடுவில் விட்டு, இரு கரையிலும் செடி வைத்து, முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். மூரியத் தோட்டக் கலை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இந்த முற்றத்தைத்தான் காட்டுவேன். பயனும் அழகும் இங்கே தனித்தனி வேலைகள் அல்ல.

அங்கே இன்று நீங்கள் பார்க்கும் எல்லாமே பழையவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்க்காலின் இரு கரையிலிருந்தும் வளைந்து பாயும் நீர்த்தாரைகள் மிகப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. மூர்களின் காலத்தில் அந்தத் தண்ணீர் இவ்வளவு ஆரவாரம் செய்யவில்லை. 1958இல் அந்த மாளிகையில் தீப்பிடித்தது. அதைச் சீர்செய்யும்போது முற்றத்தைத் தோண்டிப் பார்த்ததில் பழைய தோட்டத்தின் அமைப்பு வெளிப்பட்டது. குறுக்கே ஒரு பாதை ஓடி முற்றத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்திருந்தது. பாத்திகளின் மண் நடைபாதையைவிடத் தாழ்வாக இருந்தது. வாய்க்கால் கரையில் துளைகள் இருந்தன. அவற்றைத் திறந்தால் தண்ணீர் தானாகவே தாழ்ந்த பாத்திகளுக்குள் இறங்கும், அடைத்தால் நிற்கும். மண் தாழ்வாக இருந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. நடந்து போகிறவரின் காலடி மட்டத்திலேயே பூக்கள் இருக்கும். செடி வளர்ந்து எதிர்ப்பக்கத்துத் தூண்களை மறைக்காது.

முற்றத்திலிருந்து மேலே ஏறினால் நீர்ப் படிக்கட்டு வரும். ஹெனரலிஃபேயில் அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் இது. லாரல் மரங்கள் இருபுறமும் சாய்ந்து கூரை போட்டிருக்க, படிகள் மூன்று நான்கு அடுக்காக ஏறுகின்றன. நடுவில் இளைப்பாறும் வட்டத் திண்ணைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஊற்று. இரு பக்கக் கைப்பிடிச் சுவர்களின் மேற்பரப்பைக் குடைந்து வாய்க்கால் ஆக்கியிருக்கிறார்கள். நாம் மேலே ஏற, தண்ணீர் நம் கையோரமாகக் கீழே ஓடுகிறது. வளைவுகளில் அது சுழித்துத் திரும்புகிறது. வெயிலில் வந்தவருக்கு அந்தப் படிகளில் காற்றே வேறு மாதிரி இருக்கும். 1526இல் கிரானடாவுக்கு வந்த வெனிஸ் தூதர் ஆந்த்ரேயா நவகேரோவும் ஹெனரலிஃபேயின் தண்ணீர் வேலைப்பாடுகளை வியந்து எழுதியிருக்கிறார்.

ஹெனரலிஃபேயின் மேல் பகுதித் தோட்டங்கள் வாய்க்காலைவிட உயரத்தில் இருந்ததால் அவற்றுக்கு அது எட்டவில்லை. அதற்காக மலையில் இன்னும் மேலே ஒரு பெரிய தொட்டியைக் கட்டி, நீர்ச்சக்கரம் வைத்துத் தண்ணீரை ஏற்றினார்கள். பிறகு உயரமான மட்டத்தில் இன்னொரு கிளை வாய்க்காலும் வெட்டப்பட்டது.

ஹெனரலிஃபேயைத் தாண்டிய வாய்க்கால் கிழக்கு மதிலில் நீர்க் கோபுரத்தை ஒட்டி ஒரு சிறிய பாலத்தின் மேலேறி அல்ஹம்ப்ராவுக்குள் நுழைகிறது. அங்கிருந்து முக்கியத் தெருவை ஒட்டி ஓடி, கிளை கிளையாகப் பிரிந்து குளியலறைக்கும் பள்ளிவாசலுக்கும் வீடுகளுக்கும் போனது. அரண்மனைக்குள் வந்ததும் அந்தத் தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது.

கோமரஸ் அரண்மனையின் மர்ட்டில் முற்றத்தில் அது அசையாமல் கிடக்கிறது. ஏறத்தாழ 34 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள குளம், இரு பக்கமும் மர்ட்டில் என்ற மணமுள்ள பச்சைப் புதர்வேலி. வடக்கே 45 மீட்டர் உயரக் கோமரஸ் கோபுரம் நிற்கிறது. குளத்தின் இரு முனையிலும் தரையோடு தரையாக ஒரு வட்டக் கிண்ணம் இருக்கும், போனால் குனிந்து பாருங்கள். தண்ணீர் அதிலிருந்து கொப்பளித்து, ஒரு குட்டி வாய்க்கால் வழியாக மெல்ல நகர்ந்து, சத்தமில்லாமல் குளத்தில் சேர்கிறது. நேராகக் கொட்டியிருந்தால் அலை எழுந்து பிம்பம் கலைந்துவிடும். தெளிவான பிம்பம் வேண்டும் என்பதற்காகவே தண்ணீரின் வேகத்தைக் குறைத்துக் கொண்டுவருகிறார்கள். அரசரைப் பார்க்க வந்த தூதர் அந்த முற்றத்துக்குள் நுழைந்ததும், நீரில் தலைகீழாக நிற்கும் கோபுரத்தைச் சேர்த்து இரட்டிப்பு உயரத்தைப் பார்த்திருப்பார்.

அந்தக் கோபுரத்தின் உள்ளே இருக்கும் தூதர் மண்டபம் முதலாம் யூசுப் காலத்தது. அவர் ஆண்டது 1333 முதல் 1354 வரை. 8,000க்கும் மேற்பட்ட மரத் துண்டுகளை நட்சத்திர வடிவங்களாகப் பொருத்திய அதன் கூரை, ஏழு வானங்களைக் குறிக்கிறது. கூரைக்குப் போகும் முன் வாசல் வளைவின் இரு பக்கச் சுவரிலும் உள்ள சின்ன மாடங்களைப் பாருங்கள். விளக்கு வைக்கும் மாடம் என்று தோன்றும். அவை தண்ணீர்க் கூஜா வைக்கும் மாடங்கள். வந்தவருக்கு முதலில் தண்ணீர் தருவது மரியாதை. அந்த மாடங்களைச் சுற்றிக் கவிதைகள் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கூஜா, தொழுகையில் நிற்கும் மனிதரைப் போல நிற்கிறதாம்.

சிங்க முற்றத்துக்கு வந்தால் தண்ணீர் மறுபடி நடமாடுகிறது. ஐந்தாம் முகமது 1359இல் அரியணையை இழந்து வட ஆப்பிரிக்காவுக்குப் போனவர். 1362இல் மீண்டு வந்து கட்டியதுதான் இந்த அரண்மனை. 124 மெல்லிய பளிங்குத் தூண்கள், நடுவில் 12 சிங்கங்கள் சுமக்கும் ஒரு கிண்ணம். கூர்ந்து பார்த்தால் எந்தச் சிங்கமும் இன்னொன்றின் அச்சு அல்ல. பிடரி மயிரும் முகமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. வடக்கிலும் தெற்கிலும் உள்ள அறைகளிலிருந்தும், கிழக்கிலும் மேற்கிலும் உள்ள தூண் மண்டபங்களிலிருந்தும் நான்கு வாய்க்கால்கள் நடுவே வந்து சேர்கின்றன. அறைக்குள் தரையில் ஊற்று, அங்கிருந்து வாசல்படி தாண்டி வெளியே முற்றத்துக்கு. உள்ளும் வெளியும் தண்ணீருக்குத் தெரியாது. சொர்க்கத் தோட்டத்தில் ஓடும் நான்கு ஆறுகளை இது குறிக்கிறது என்பார்கள். தோட்டங்களின் கீழே ஆறுகள் ஓடும் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்லும் சொர்க்கம், இந்த மனிதர்களின் தோட்டக் கற்பனைக்கு அடிப்படை.

கிண்ணத்தின் விளிம்பில் அமைச்சரும் கவிஞருமான இப்னு சம்ரக் எழுதிய 12 அடிகள் இருக்கின்றன. ஓடும் நீரும் உறைந்த பளிங்கும் ஒன்றுபோலத் தெரிவதால் இரண்டில் எது ஓடுகிறது என்றே தெரியவில்லை என்கிறார் ஒரு இடத்தில். கிண்ணத்தின் விளிம்பில் தண்ணீர் படலமாக வழிவதைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால், கவிஞர் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும். அல்ஹம்ப்ராவில் சுவர்கள் பேசுகின்றன, அதுவும் ‘நான்’ என்று தன்மையில். பக்கத்தில் உள்ள இரு சகோதரிகள் மண்டபத்தின் கவிதை ‘அழகு அலங்கரித்த தோட்டம் நான்’ என்று தொடங்குகிறது. மண்டபம் தன்னைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறது. அதன் கூரையில் வளைந்த முகமுள்ள குட்டிக் குட்டிச் சாந்துத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கடுக்காக இறங்குகின்றன. ‘முகர்னஸ்’ என்று இதற்குப் பெயர். வெளிச்சம் நகர நகர நிழல்கள் மாறுவதால் கூரை ஒரு நிலையில் நிற்பதாகவே தோன்றாது.

இத்தனை ஆடம்பரமும் எதனால் ஆனது தெரியுமா? பெரும்பகுதி ஜிப்சம் சாந்து, மரம், சுட்ட மண் ஓடு. மதில்கள் செம்மண்ணை இடித்துக் கெட்டித்தவை. தூணுக்கும் ஊற்றுக்கும் பளிங்கு. சுவரின் கீழ்ப்பகுதியில் கைபடும் உயரம் வரை வண்ண ஓடுகள், அதற்கு மேல் சாந்து வேலை, உச்சியில் மரக் கூரை என்பது எங்கும் உள்ள வரிசை. அந்த ஓடுகளின் கோலங்களை ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் வந்து பார்த்து, பிரதியெடுத்து, தன் கலைக்குப் பாடமாக்கிக்கொண்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் இவற்றில் எதுவும் தெரியாது. மொட்டைச் சுவரும் கோபுரமும்தான். மூரிய வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும், முற்றத்துக்கு முகத்தைக் காட்டும். வீட்டுக்குள் இருப்பவர்களின் தனிமை அதற்கு ஒரு காரணம், தட்பவெப்பம் இன்னொன்று. கிரானடாவின் கோடை கொளுத்தும், ஆனால் காற்று உலர்ந்திருக்கும். உலர்ந்த காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உயரமான சுவர்கள் நிழல் தர, இரவின் குளிர்ந்த காற்று முற்றத்தின் அடியில் தங்க, குளமும் செடியும் ஈரத்தைக் கூட்ட, வளைவுகள் வழியாக அந்தக் குளிர்ச்சி அறைக்குள் போகிறது. சென்னையின் ஈரக் காற்றில் இதே குளத்தை வெட்டினால் புழுக்கம்தான் மிஞ்சும். அந்த இடத்துக்குப் பொருந்திய தீர்வு அது.

1492 ஜனவரி 2 அன்று கடைசி நஸ்ரித் அரசர் போஅப்தில் நகரத்தைக் கிறிஸ்தவ ஸ்பெயினை ஆண்ட இசபெல்லா அரசியிடமும் ஃபெர்டினாண்ட் அரசரிடமும் ஒப்படைத்தார். அதே ஆண்டு மார்ச் 31 அன்று, யூதர்களை ஸ்பெயினிலிருந்து வெளியேற்றும் ஆணையில் இந்த அல்ஹம்ப்ராவில் வைத்துத்தான் கையெழுத்திட்டார்கள். நான்கு திசையிலும் அழகைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது இதையும் மறக்கக் கூடாது. பிறகு ஐந்தாம் சார்லஸ் பேரரசர் 1527 முதல் இங்கேயே ஒரு அரண்மனை எழுப்பினார். வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். தன்னளவில் அது நல்ல கட்டடம்தான், ஆனால் கல்லால் ஆன அந்தப் பெரிய முற்றத்தில் தண்ணீர் இல்லை. மர்ட்டில் முற்றத்திலிருந்து நேராக அங்கே போய் நின்றால் இரண்டு நாகரிகங்களின் ரசனை வேறுபாடு தோலிலேயே தெரியும். 1812இல் நெப்போலியனின் படைகள் பின்வாங்கும்போது மதிலில் பல கோபுரங்களை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போயின. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சிங்க ஊற்று நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2012இல் மறுபடி ஓடத் தொடங்கியது.

போவதாக இருந்தால் டிக்கெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே அதிகாரப்பூர்வத் தளத்தில் எடுத்துவிடுங்கள். தினசரி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய மட்டும் குறித்த நேரம் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அதைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அந்த நேரத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பே வந்து, நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹெனரலிஃபேயிலிருந்து தொடங்குங்கள். பலர் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டுக் களைத்துப்போய் வருகிறார்கள். முதலில் அங்கே போனால் தண்ணீர் வந்த திசையிலேயே நீங்களும் நடப்பீர்கள்: வாய்க்கால் முற்றம், படிக்கட்டு, நீர்க் கோபுரப் பக்கம், பிறகு அரண்மனைகள், கடைசியாக அல்கசாபா. ஹெனரலிஃபேயிலிருந்து அரண்மனை வாசலுக்கு நிதானமாக நடக்க இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நடை அதிகம், மேடு பள்ளமும் உண்டு. பெரியவர்களோடு போனால் ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போகிறவர்கள் காலை முதல் நேரத்தையே எடுங்கள்.

மறுநாள் கைவசம் இருந்தால் டாரோ ஆற்றுக்கு எதிர்ப்பக்கக் குன்றில் உள்ள அல்பைசின் குடியிருப்புக்குப் போங்கள். அல்ஹம்ப்ராவை முழுதாகப் பார்க்க எல்லோரும் ஏறும் சான் நிக்கோலஸ் மேடை அங்கேதான் இருக்கிறது. அந்தக் குன்றுக்கும் தனி வாய்க்கால் உண்டு. ‘ஐனதாமர்’ என்ற பெயரில், அல்ஃபாகர் ஊற்றிலிருந்து 11ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்தது, அல்ஹம்ப்ராவின் வாய்க்காலைவிட மூத்தது. அது நிரப்பிய செங்கல் வளைவுத் தண்ணீர்த் தொட்டிகள் தெருமுனைகளில் இன்னும் பல நிற்கின்றன. அவற்றுள் பெரியதான ‘அல்ஹிபே தெல் ரே’ என்ற அரசர் தொட்டியையும், கீழே ஆற்றோரம் இருக்கும் 11ஆம் நூற்றாண்டுக் குளியல் மாளிகையையும் பார்த்தால், அரண்மனைக்கு வெளியே சாதாரண மக்கள் தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதும் பிடிபடும்.